ஏஸ் ஜோடி வந்தால் என்ன செய்வது? போக்கர் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில், ஏரியை ஒட்டிய தெருக்களில் குடியிருக்கும் தமிழர்கள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறோம். பணம் கிடையாது. ஆளுக்கு 10,000 மதிப்புள்ள சிப்ஸ், பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய கட்டாயத் தொகை) 50-100இல் தொடங்கிப் போகப்போக ஏறும், கடைசிவரை நிற்பவருக்குச் சுழற்கோப்பை. ரம்மியும் மூன்று சீட்டும் பழகிவிட்டுப் புதிதாக வந்து சேர்பவர்கள் முதல் மாதத்தில் கேட்பதெல்லாம் ஒன்றைத்தான்: நல்ல சீட்டு வந்தும் ஏன் தோற்கிறேன்? அவர்களுக்காக எழுதியது இது. ஆட்டத்தின் அடிப்படை விதிகள் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வலுவான தொடக்கச் சீட்டுகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸ்-ராஜா. இந்த நான்கும் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் வலுவானவை. ஜாக் ஜோடியை இவற்றுக்கு அரைப்படி கீழே வைப்பேன். ஏஸ்-ராணி, பத்து ஜோடி போன்றவை நல்ல சீட்டுகள்தாம். ஆனால் உங்களுக்கு முன்னால் யார் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தே அவற்றின் மதிப்பைச் சொல்ல முடியும்.

இவை எவ்வளவு அடிக்கடி வரும்?

52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள் உண்டு. அவற்றில் ஏஸ் ஜோடி ஆறு வழிகளில் அமையும், அதாவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. ராஜா ஜோடிக்கும் ராணி ஜோடிக்கும் இதே கணக்கு. ஏஸ்-ராஜா 16 வழிகளில் அமையும், ஏறத்தாழ 83 ஆட்டத்துக்கு ஒருமுறை. கையால் கலைத்துப் போடும் வீட்டு ஆட்டத்தில் மணிக்கு 25 ஆட்டம் ஓடினால், நான்கு மணி நேரத்தில் ஏஸ் ஜோடியை ஒருமுறையாவது பார்ப்பதற்கான வாய்ப்பு 36 விழுக்காடுதான். பல சனிக்கிழமைகள் அதைப் பார்க்காமலே வீடு திரும்ப வேண்டியிருக்கும். அதனால்தான் வரும்போது அதைச் சரியாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

நல்ல சீட்டு வந்தால் வெளியே காட்டாமல் அமைதியாக இருப்பதுதானே புத்திசாலித்தனம்?

புதியவர்களிடம் நான் அதிகம் வாதாடுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். இந்தப் பழக்கம் மூன்று சீட்டிலிருந்து வருகிறது. தீபாவளி இரவில் மாமா, சித்தப்பாக்களோடு உட்கார்ந்து மூன்று சீட்டு ஆடியவருக்கு மூன்று ஏஸ் வந்தால், அந்தக் கணத்திலேயே ஆட்டம் முடிந்த மாதிரி. இனி எந்தச் சீட்டும் வரப்போவதில்லை, யாராலும் அதைத் தாண்ட முடியாது. எனவே ஊமையாக இருந்து மற்றவர்களைக் கட்டவிடுவது அங்கே சரியான வழி.

போக்கரில் உங்கள் கையில் இருப்பது இரண்டு சீட்டு, இன்னும் ஐந்து பொதுச் சீட்டு வர வேண்டும். ஏஸ் ஜோடி இப்போது முதலிடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அது வெறும் ஒரு ஜோடி. ஐந்து சீட்டு விழுந்த பிறகு இரண்டு ஜோடியோ, மூன்று ஒரே எண்ணோ, ஸ்ட்ரெயிட்டோ (வரிசையாக ஐந்து எண்கள்) வைத்திருப்பவரிடம் அது தோற்றுப்போகும். நீங்கள் முன்னணியில் இருப்பது உறுதியாகத் தெரிவது ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுவதற்கு முன்தான். சிப்ஸை நடுவில் சேர்க்க வேண்டிய நேரமும் அதுதான்.

உயர்த்தாமல் 100 மட்டும் போட்டு உள்ளே வந்தால் இன்னொன்றும் நடக்கும். பிக் பிளைண்டில் இருப்பவர், அதாவது அந்த 100ஐக் கட்டாயமாக ஏற்கெனவே போட்டவர், 8-3 போன்ற குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு காசில்லாமல் ஃப்ளாப்பைப் பார்த்துவிடுவார். ஜாக், 8, 3 விழுந்தால் அவரிடம் இரண்டு ஜோடி. நீங்களோ ஏஸ் ஜோடிதான் பெரியது என்ற நம்பிக்கையில் கட்டிக்கொண்டே போவீர்கள். அவர் கையில் என்ன இருக்கலாம் என்று ஊகிக்க உங்களுக்கு ஒரு தடயமும் கிடைக்காது. நீங்கள் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை.

எவ்வளவு உயர்த்த வேண்டும்?

யாரும் உள்ளே வரவில்லை என்றால் பிக் பிளைண்டைப் போல் மூன்று மடங்கு. ஏற்கெனவே வெறும் 100 போட்டு வந்தவர்கள் இருந்தால் தலைக்கு ஒரு பிளைண்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் அப்படி வந்திருந்தால் 700 வரும். பலருக்கு இந்தத் தொகை கூச்சமாக இருக்கிறது, 200 மட்டும் வைக்கிறார்கள். நடுவில் ஏற்கெனவே 550 கிடக்கிறது. அதோடு உங்கள் 200ஐயும் பார்த்தால், இன்னும் 100 போட்டு உள்ளே வராதவர் யார்? உங்கள் கையால் அவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்ததாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஏஸ் ஜோடிக்கு 700, ஜாக் ஜோடிக்கு 500, ஏஸ்-ராணிக்கு 300 என்று சீட்டைப் பார்த்துத் தொகையை மாற்றாதீர்கள். இரண்டே வாரத்தில் மேஜையில் இருக்கும் அனைவருக்கும் உங்கள் கணக்கு மனப்பாடமாகிவிடும். உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தொகை மாறட்டும், கையில் இருக்கும் சீட்டைப் பார்த்து மாறக் கூடாது.

பணம் இல்லாத ஆட்டம் என்பதால் எவ்வளவு உயர்த்தினாலும் எல்லோரும் கட்டுகிறார்களே?

கட்டட்டும். உயர்த்துவதன் முதல் நோக்கம் ஆட்களை விரட்டுவது என்று நினைப்பதால்தான் இந்தக் குறை எழுகிறது. கணக்கைப் பாருங்கள். எந்தச் சீட்டென்று தெரியாத ஒருவரை எதிர்த்துக் கடைசிவரை போனால் ஏஸ் ஜோடி 100க்கு 85 முறை வெல்லும். இருவரை எதிர்த்தால் 73, மூவரை எதிர்த்தால் 64, ஐவரை எதிர்த்தால் 49. ஐவரை எதிர்க்கும்போது பாதி முறை தோற்கிறோமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் நடுவில் விழுவதில் ஆறில் ஒரு பங்குதான் உங்களுடையது, வெல்வதோ பாதி முறை. இதைவிட நல்ல பேரம் இந்த ஆட்டத்தில் அரிது.

ஆட்கள் கூடும்போது மாறுவது அடுத்த கட்டம்தான். நான்கு பேர் உள்ளே இருக்கும் ஆட்டத்தில் ஃப்ளாப்புக்குப் பிறகு ஒருவர் கடுமையாக உயர்த்தினால், அவரிடம் உங்கள் ஜோடியைத் தாண்டிய ஏதோ இருக்க வாய்ப்பு அதிகம். எனவே எல்லோரும் கட்டும் மேஜையில் முன்னால் இன்னும் கொஞ்சம் பெரிதாக உயர்த்துங்கள், நான்கு மடங்கு, ஐந்து மடங்குகூட. பொய்க்கட்டு கட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள், சீட்டை மடக்கி விலகாதவரிடம் அது வேலைக்கு ஆகாது. கடைசி மெட்ரோவைப் பிடிக்க வேண்டிய நேரம் நெருங்க நெருங்க, ஒயிட்ஃபீல்டு போக வேண்டிய நண்பர்கள் எந்தச் சீட்டுக்கும் கட்டத் தொடங்குவார்கள். நல்ல சீட்டுக்குப் பெரிய பாட் (நடுவில் சேரும் மொத்த சிப்ஸ்) கிடைப்பது அந்த அரை மணி நேரத்தில்தான்.

எனக்கு முன்னால் ஒருவர் உயர்த்திவிட்டார். கையில் ராஜா ஜோடி. அவர் தொகையைக் கட்டினால் போதுமா?

போதாது, மீண்டும் உயர்த்துங்கள். அவர் 300 வைத்திருந்து, நீங்கள் அவருக்குப் பின்னால் ஆடுபவர் என்றால் 900 அல்லது 1,000. ஃப்ளாப்புக்குப் பிறகு அவருக்கு முன்னால் ஆட வேண்டிய இடத்தில் இருந்தால் 1,200 வரை போகலாம், ஏனெனில் முதலில் பேசுபவருக்கு எப்போதும் சிரமம் கூடுதல். ராணி ஜோடிக்கும் ஏஸ்-ராஜாவுக்கும் இதே வழக்கம்தான்.

அவர் திரும்பவும் உயர்த்தி எல்லாவற்றையும் நடுவில் தள்ளினால்? ராஜா ஜோடி என்றால் நீங்களும் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுங்கள். ஒன்பது பேர் மேஜையில் உங்களிடம் ராஜா ஜோடி இருக்கும்போது வேறு யாரிடமாவது ஏஸ் ஜோடி இருப்பது 100க்கு நான்கு முறைதான். அந்த நான்கு முறைக்குப் பயந்து மீதியை விட்டுக்கொடுக்கக் கூடாது. ராணி ஜோடியும் ஏஸ்-ராஜாவும் அப்படியல்ல. மாலை முழுவதும் சீட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த ஒருவர், பிளைண்ட் சிறிதாக இருக்கும்போதே 10,000ஐயும் தள்ளினால் மடக்குவதில் தவறில்லை.

ஏஸ் ஜோடியை ஃப்ளாப்புக்கு முன்னால் மடக்க வேண்டிய நிலை வருமா?

எங்கள் மாதிரி ஆட்டத்தில் வராது.

ஃப்ளாப்புக்குப் பிறகு எதுவரை போகலாம்? எங்கே நிறுத்த வேண்டும்?

பாட்டையும் உங்களிடம் மிஞ்சியிருக்கும் சிப்ஸையும் ஒப்பிடுங்கள். மிஞ்சியிருப்பது பாட்டைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால், மேஜையில் விழுந்த எல்லாச் சீட்டையும்விடப் பெரிய ஜோடியை வைத்துக்கொண்டு தயங்காமல் கடைசிவரை போகலாம். பத்து மடங்குக்கு மேல் என்றால் அதே ஜோடியை நம்பி எல்லாவற்றையும் தள்ளுவது ஆபத்து. இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓர் ஆட்டத்தை மெதுவாகப் பார்ப்போம். பிளைண்ட் 50-100. உங்களிடம் ஸ்பேட் ஏஸ், டைமண்ட் ஏஸ். ஒருவர் 100 போட்டு வந்திருக்கிறார், நீங்கள் 400 என்கிறீர்கள். அவரும் பிக் பிளைண்டும் கட்டுகிறார்கள். பாட் 1,250, உங்களிடம் மிச்சம் 9,600. கிட்டத்தட்ட எட்டு மடங்கு, நடுத்தரமான நிலை.

ஃப்ளாப்: ஹார்ட் ஜாக், ஹார்ட் 8, கிளாவர் 3. இங்கே செக் செய்து (எதுவும் வைக்காமல் விட்டு) பதுங்கக் கூடாது. ஏஸ்-ஜாக், ராஜா-ஜாக் வைத்திருப்பவர் கட்டுவார். இரண்டு ஹார்ட் வைத்திருப்பவர் கட்டுவார். 10-9 வைத்திருப்பவரும் கட்டுவார். இவர்கள் எல்லோரும் உங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள், அடுத்த சீட்டைப் பார்க்க அவர்களிடம் விலை வாங்க வேண்டும். 800 வைக்கிறீர்கள். பிக் பிளைண்ட் மடக்க, மற்றவர் கட்டுகிறார். பாட் 2,850.

டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு): ஸ்பேட் 2. யாருக்கும் உதவாத சீட்டு. 1,900 வைக்கிறீர்கள், கட்டுகிறார். பாட் 6,650, உங்களிடம் 6,900. மாறாக, இதுவரை பேசாமல் கட்டிவந்தவர் இந்த இடத்தில் திடீரென்று உயர்த்தியிருந்தால் உட்கார்ந்து யோசியுங்கள். டர்னில் உயர்த்துபவரிடம், குறிப்பாக அடக்கமாக ஆடுபவரிடம், பெரும்பாலும் இரண்டு ஜோடியோ மூன்று 8, மூன்று 3 போன்றவையோதான் இருக்கும்.

ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு): டைமண்ட் 5 என்றால் எந்த ஹார்ட்டும் நிறையவில்லை, 3,000 வையுங்கள், ஜாக் வைத்திருப்பவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார். ஹார்ட் 9 என்றால் கதையே வேறு. ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) நிறைந்துவிட்டது, 10-7க்கும் ராணி-10க்கும் ஸ்ட்ரெயிட் அமைந்துவிட்டது. செக் செய்யுங்கள். இரண்டு முறை சும்மா கட்டியவர் இப்போது மீதம் முழுவதையும் தள்ளினால் ஏஸ் ஜோடியை மடக்கிப் போடுங்கள். மனம் வராது, தெரியும். ஆனால் அந்த இரண்டு ஏஸ் எவ்வளவு அழகாக இருந்தன என்பது மேஜையில் கிடக்கும் மூன்று ஹார்ட்டை மாற்றப்போவதில்லை.

சிறு ஜோடி வைத்திருப்பவர்கள் ஏன் என்னிடமிருந்தே எல்லாவற்றையும் பிடுங்குகிறார்கள்?

5 ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் இன்னொரு 5 விழும் வாய்ப்பு 12 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, எட்டு ஒன்பது முறைக்கு ஒருமுறை. உங்கள் 300ஐக் கட்டிப் பார்க்கிறார், விழாவிட்டால் மடக்கிவிடுகிறார். விழுந்த அந்த ஒருமுறை நீங்கள் 10,000ஐயும் கொடுத்துவிட்டால் அவருடைய கணக்கு லாபம். டர்னில் வரும் உயர்த்தலுக்கு நீங்கள் நின்று யோசித்தால் நட்டம். உங்கள் தோல்விகளில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும், திரும்பிப் பாருங்கள்.

ராஜா ஜோடி வைத்திருக்கிறேன், ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்துவிட்டது. முடிந்ததா?

ராஜா ஜோடிக்கு இது 100க்கு 23 முறை நடக்கும், எனவே விதியை நொந்துகொள்ள வேண்டியதில்லை. எதிரில் ஒருவர் மட்டும் என்றால் அவரிடம் ஏஸ் இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைத்துப் பாருங்கள், அல்லது செக் செய்து டர்னில் அவர் சின்னதாகக் கட்டினால் ஒருமுறை கூடவே போங்கள். மூன்று பேர் இருந்தால் செக் செய்து, கட்டு வந்தால் விட்டுவிடுங்கள். ராணி ஜோடிக்கு அதைவிடப் பெரிய சீட்டு ஃப்ளாப்பில் விழுவது 41 விழுக்காடு, ஜாக் ஜோடிக்கு 57. ஜாக்கை அரைப்படி கீழே வைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஏஸ்-ராஜாவை வைத்து எப்போதும் தோற்கிறேன். அது உண்மையிலேயே வலுவான சீட்டா?

வலுவானதுதான், ஆனால் அது இன்னும் ஜோடியாகவில்லை. மூன்று ஃப்ளாப்பில் இரண்டில் எதுவும் ஒட்டாது. 2 ஜோடியை எதிர்த்துக்கூடக் கடைசிவரை போனால் இது மயிரிழையில் பின்தங்கித்தான் இருக்கும். ராணி ஜோடியை எதிர்த்தால், வெவ்வேறு இனமான ஏஸ்-ராஜா 43 முறை வெல்லும், ஒரே இனமானது 46.

அப்படியானால் வலு எங்கே? ஒன்று, உங்கள் கையில் ஒரு ஏஸும் ஒரு ராஜாவும் இருப்பதால் மற்றவரிடம் ஏஸ் ஜோடி அமையும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைகின்றன, ராஜா ஜோடிக்கும் அப்படியே. நீங்கள் அஞ்ச வேண்டிய இரண்டு கைகளும் பாதியாகிவிட்டன. இரண்டு, ஏஸ் விழும்போது ஏஸ்-ராணியும் ஏஸ்-ஜாக்கும் வைத்திருப்பவர்கள் உங்களுக்குக் கட்டிக்கொண்டே வருவார்கள். ஏஸ்-ராணியை எதிர்த்து நீங்கள் நான்கில் மூன்று முறை வெல்வீர்கள். ஏஸ்-ராஜாவின் வருமானம் பெரும்பாலும் இங்கிருந்துதான்.

எனவே முன்னால் உயர்த்துங்கள். ஃப்ளாப் ஒட்டாவிட்டால், எதிரில் ஒருவர் மட்டும் இருந்தால் ஒருமுறை சிறிதாகக் கட்டலாம். அவர் கூட வந்தால் நின்றுவிடுங்கள். புதியவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்: ஏஸ்-ராஜா ஆயிற்றே என்று ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் கட்டி, கடைசியில் 6 ஜோடிக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறார்கள். இரவு ஏறி பிளைண்ட் 500-1,000 ஆகி, உங்களிடம் 12,000 மட்டும் இருந்தால் இந்த யோசனையெல்லாம் வேண்டாம். ஃப்ளாப்புக்கு முன்னாலேயே மொத்தத்தையும் தள்ளுங்கள். மடக்கினால் பாட் உங்களுக்கு, கட்டினாலும் ஐந்து சீட்டையும் பார்ப்பீர்கள்.

முகத்தில் காட்டிக்கொடுத்துவிடுகிறேன். என்ன செய்வது?

எந்தச் சீட்டாக இருந்தாலும் ஒரே வேகத்தில் பாருங்கள், ஒரே மாதிரி கீழே வையுங்கள், ஒரே தொனியில் தொகையைச் சொல்லுங்கள். எதிரிலிருப்பவர் பெரும்பாலும் கையைத்தான் பார்க்கிறார்.

10-2 வைத்து உலகப் பட்டமே வென்றிருக்கிறார்களே, வலுவான சீட்டுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

டாயில் பிரன்சன் 1976இலும் 1977இலும் உலகத் தொடர் போக்கரின் முதன்மைப் போட்டியை வென்றபோது கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது 10-2தான், இரண்டு முறையும் ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்) அமைந்தது. அந்தச் சீட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் இரண்டு தடவையும் மேஜையில் மிஞ்சியிருந்தது இரண்டே பேர். இருவர் ஆட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளை ஆட வேண்டியிருக்கும், ஒன்பது பேர் மேஜையில் அதே 10-2 நேராக மடக்க வேண்டிய சீட்டு. 1976இல் எதிரில் இருந்த ஜெஸ்ஸி ஆல்டோவுக்கு ஏஸ்-ஜாக், ஃப்ளாப்பிலேயே ஏஸும் ஜாக்கும் விழுந்து இரண்டு பெரிய ஜோடி. அவர் தவறு எதுவும் செய்யவில்லை. டர்னில் 2, ரிவரில் 10 விழுந்தன. சரியாக ஆடியும் தோற்பது இந்த ஆட்டத்தின் இயல்பு. ஏஸ் ஜோடி ராஜா ஜோடியை எதிர்த்து முழுவதையும் தள்ளினாலும் ஐந்தில் ஏறக்குறைய ஒருமுறை தோற்கும்.

இணையத்தில் பணம் கட்டி ஆடிப் பழகலாமா?

வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து இணையத்தில் ஆடும் விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பார்க்காமல் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் இருக்கட்டும், மாதச் சம்பளத்தை ஒரே இரவில் கரைத்தவர்களை இந்த ஊரில் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மேஜையில் பணம் இல்லாததற்கு அதுவே முதல் காரணம்.

அப்படியானால் தனியாக எப்படிப் பழகுவது?

ஒரு சீட்டுக்கட்டு போதும். இரண்டு ஏஸை எடுத்து உங்கள் முன் வையுங்கள். மீதியை நன்றாகக் கலைத்து, எதிரில் ஒரு கையைக் கவிழ்த்துப் போட்டு, ஃப்ளாப்பை மட்டும் திறங்கள். உங்களை இப்போது தாண்டியிருக்கக்கூடிய கைகள் எவை, இனி தாண்டக்கூடியவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு டர்ன், ரிவர், கடைசியில் எதிர்க் கை. ஒருவரை எதிர்த்து 20 முறை செய்துவிட்டு, அடுத்து எதிரில் ஐந்து கைகளைப் போட்டு இன்னும் 20 முறை செய்யுங்கள். முடிந்ததும் ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா. தாளில் எழுதுவதுதான் முக்கியம். எழுதாமல் சீட்டைத் திறந்துகொண்டே போனால் வென்றீர்களா தோற்றீர்களா என்பது மட்டும்தான் தெரியும்.